பெட்டி மேல் ஒரு துணைக்கால்

ஒட்டு அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவாள். அங்கே நின்று யோசித்து, திரும்பி வந்து, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். முனையில் காத்திருக்கும் நாத்தனார் அங்கிருந்தே கத்துவாள்.

"இழுத்து இழுத்து ஒரு நாள் அது கையோட வந்துடப் போகுது அண்ணி!"

தெரு முழுக்கக் கேட்கும். நாத்தனாருக்குப் பேர் ரேடியோ. ஆறு வயதில் அவள் அண்ணன் வைத்த பேர். முப்பத்தொரு வயதாகியும் யாராலும் அணைக்க முடியவில்லை.

அக்காவின் பயம் இன்னதற்குத்தான் என்று கிடையாது. லிஃப்டில் ஏற மாட்டாள். வேலை நாலாவது மாடியில், எட்டு வருஷமாகப் படிதான். லாரி ஓட்டும் கணவர் மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். மற்ற நாட்களில் டிவியில் எந்த லாரி கவிழ்ந்து கிடந்தாலும், நம்பர் பலகை தெரியும் வரை அவள் உட்கார மாட்டாள். போன் இரண்டு மணி அடித்து நின்றுபோனால், அடிக்காமல் போன மூன்றாவது மணியில்தான் ஏதோ கெட்ட சேதி இருந்திருக்கும் என்று நினைப்பாள். ரேடியோவுக்கு இதெல்லாம் சிரிப்பு. மின்விசிறி வேகத்துக்கும் குளியலறைத் தாழ்ப்பாளுக்கும் தினமும் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

அக்காவின் விரல்கள் மட்டும் அவளைப் போல இல்லை, அவற்றுக்குப் பயம் தெரியாது. சென்சார் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் அக்கா ஒரு செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷம். மூச்சை நிறுத்துவாள், தாள் ஒரு ஓரத்தில் தொடும், மறு ஓரம் வரை தானாகப் படியும், அடியில் ஒரு குமிழி இருக்காது. ஒரு நாள் அப்படி ஒட்டிக்கொண்டு போனவர் மறுநாள் ஒட்டாத போன் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டார்.

"என்ன வேலைங்க?"

"இதே வேலைதான். போன் மட்டும் கொஞ்சம் சின்னது."

அந்தக் கம்பெனி செய்வது சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ். தீப்பெட்டி அளவு இருக்கும். சுற்றியுள்ள காற்றில் ஒரு குறிப்பிட்ட விஷத்தின் ஆவி இருந்தால் 'கீ' என்று கத்தும். சென்ட், பெட்ரோல், பெயின்ட் என்று வேறு எதற்கும் வாயைத் திறக்காது. அந்த ஒன்றை மட்டும் அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ரேடியோ ஒரு தடவை கேட்டாள்.

"ஈர சிமென்ட்ல ஒருத்தன் மிதிச்சுட்டுப் போயிட்டான்னு வை. காஞ்ச பிறகு அந்தப் பள்ளத்துல அவன் கால்தான் சரியா உக்காரும். அடுத்தவன் கால் உக்காராது. அந்த மாதிரி."

"மிதிச்சவனை நீங்க திட்டலையா?"

"நாங்கதான் மிதிக்கச் சொல்றோம்."

உண்மையில் விஷயம் அவ்வளவுதான். பிசின் போன்ற ஒரு கரைசலில் அந்த விஷத்தைக் கலக்க வேண்டும். விஷத்தையே கலப்பதில்லை. அதே உடல்வாகு உள்ள, கெடுதல் குறைந்த அதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு, அவனைத்தான் கலப்பார்கள். கரைசல் மெல்லிய படலமாக இறுகும். அதை மெத்தனாலில் பல மணி நேரம் கழுவினால் தம்பி கழன்று போய்விடுவான், அவன் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் குழியாக நிற்கும். கோடிக்கணக்கான குழிகள். பிறகு காற்றில் அந்த விஷம் வந்தால் குழிக்குள் வந்து உட்காரும், படலத்தின் எடை இம்மியளவு கூடும். அடியில் துடித்துக்கொண்டிருக்கும் குவார்ட்ஸ் வில்லை அந்த இம்மிக்கே வேகம் குறையும். பேட்ஜ் கத்தும்.

படலத்தைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இடுக்கியால் தூக்கி, சட்டைப் பொத்தான் அளவுள்ள அந்த வில்லையின் மேல் படிய வைப்பது அக்காவின் வேலை.

ஒவ்வொரு முறையும் படலத்தில் இரண்டு வகை செய்வார்கள். ஒன்று, மிதிபட்டது. இன்னொன்றும் அதே கரைசல், அதே சூடு, அதே கழுவல், ஆனால் யாரும் மிதிக்காதது. முதல் வகையை எதோடாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே, அதற்காக. கண்ணுக்கு இரண்டும் வெங்காயச் சருகுதான், வித்தியாசம் தெரியாது. பழைய கெமிஸ்ட் எப்போதும் சிரித்த முகம். அவர் முதலாவதற்குக் காது என்றும் இரண்டாவதற்குச் செவிடு என்றும் பேர் வைத்தார். பெட்டி மூடி கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதில் முழுப் பேரும் கொள்ளாது என்று மார்க்கரால் 'கா', 'செ' என்று மட்டும் எழுதுவார்.

தூசி சேரக் கூடாதென்று மூடிகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். ஸ்பிரிட் மையைத் தின்னும். ஓரத்தில் நிற்பதால் முதலில் போவது 'கா'வின் கால்தான். வெறும் 'க' மிஞ்சும். அக்கா மார்க்கரை எடுத்து ஒரு துணைக்கால் போட்டுவிடுவாள். "கால் வச்சாச்சு, இனி நடக்கும்" என்பாள். எட்டு வருஷத்தில் எத்தனை கால் போட்டாளோ.

அந்தக் கெமிஸ்ட் வேறு வேலைக்குப் போனார். அவர் இடத்துக்கு இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கேட்டால் பதில் சொல்வாள், இல்லையென்றால் இல்லை. காது, செவிடு என்று அறையில் பேசிக்கொள்வது அவள் காதிலும் விழுந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். மூடிகளில் தமிழ் எழுத்து இருப்பதைக் கவனித்து, தானும் இந்த அறையின் வழக்கப்படியே எழுத வேண்டும் என்று நினைத்தாள். அச்சு பதித்த படலத்தின் பெட்டியில் 'அ' என்று எழுதினாள். ஒப்பிடுவதற்கான படலத்துக்கு அவள் படிப்பில் கட்டுப்பாட்டுப் படலம் என்று பேர். அதன் பெட்டியில் 'க' என்று எழுதினாள். எல்லாம் மரியாதைக்காகச் செய்தது.

'அ' பெட்டியிலிருந்து மூன்று படலத்தை எடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து ஆவி விட்டுச் சோதித்தாள். மூன்றுக்கும் நன்றாகக் கேட்டது. 'ஒட்டலாம்' என்று தாளில் கையெழுத்துப் போட்டு அக்கா மேசையில் வைத்தாள். 'அ' பெட்டி கூண்டுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டது. 'க' பெட்டியை அலமாரியில் காலியாக இருந்த தட்டில் வைத்தாள், அது எப்போதும் காது இருக்கும் தட்டு என்று அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் வரவில்லை.

அக்கா மறுநாள் காலை தாளைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். க. வழக்கம் போலக் கால் போன கா. மார்க்கரை எடுத்தாள்.

பன்னிரண்டு வில்லைகள். ஒன்றிலும் குமிழி இல்லை. பேட்ஜில் ஏற்றி ஒவ்வொன்றின் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். அது பேட்டரிக்கும் ஒலிக்கும் மட்டுமான சோதனை, படலத்தைத் தொடாது. பன்னிரண்டும் 'கீ' என்றன. பகலிலேயே பொட்டலம் கட்டி ஆள் மூலம் அனுப்பிவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு எதைப் பற்றியும் பயம் வரவில்லை.

பன்னிரண்டும் போனது ரேடியோ வேலை செய்யும் விதைக் கிடங்குக்கு.

அங்கே ரேடியோ மூட்டைகளின் வாயைத் தைக்கும் மெஷினில் இருந்தாள். விதைக்குப் பூச்சி வராமலிருக்க, ஒவ்வோர் அறையாக அந்த விஷத்தைத்தான் மருந்தாகத் தெளித்து இரண்டு நாள் இறுக மூடிவைப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் கதவுகளைத் திறந்து பெரிய விசிறிகளைப் போட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் பேட்ஜைக் குத்திக்கொண்டு முதலில் உள்ளே நடப்பார். அது கத்தாவிட்டால் மற்றவர்கள் போகலாம்.

புதுப் பேட்ஜ் வந்த அன்று ரேடியோ அதை வீட்டுக்கே குத்திக்கொண்டு வந்து காட்டினாள்.

"நீ ஒட்டினதாம். வீட்ல தலை மேல உக்காந்தது போதாதுன்னு வேலை நேரத்துல நெஞ்சு மேல வந்து உக்காந்துட்ட."

"அதைக் கழட்டி வை, தண்ணி பட்டுடப் போகுது."

"பாரு, இதுக்கும் பயம்!"

மூன்றாம் நாள் காலை, தெருமுனையில், பூட்டு இழுத்து முடிந்த பிறகு ரேடியோ சொன்னாள்.

"இன்னைக்கு மூணாம் நம்பர் ரூம் திறக்கறாங்க. முதல்ல நடக்கறது நான்."

"நீ எதுக்கு? உனக்குத் தையல்தானே?"

"எங்க அண்ணி ஒட்டினா தப்பே வராதுன்னு எல்லார் கிட்டயும் பெருமை அடிச்சுட்டேன். அப்போ நீயே முதல்ல நடன்னு மேஸ்திரி சொல்லிட்டார். இனிமே பின்வாங்கினா கேவலம்."

"பாத்துப் போ."

"பாக்கறதுக்குத்தான் இது இருக்கே," என்று சட்டையைத் தட்டிக் காட்டிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

கெமிஸ்ட் அன்று பதினொரு மணிக்குத்தான் வந்தாள். குரல் கட்டியிருந்தது. பையை வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனவள், கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க இன்னும் ஒட்டவே ஆரம்பிக்கலையா?"

"எதை?"

"கிடங்குக்குக் கொடுக்க வேண்டியதை."

"அதெல்லாம் ஒட்டி, கட்டி, அனுப்பி, அவங்க மாட்டிக்கிட்டுத் திரியறாங்க. நல்லா போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தவங்களுக்கு என்ன தெரியும்?"

அக்கா சிரித்தாள். கெமிஸ்ட் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து எண்ணினாள். அவள் உதடு அசைவதை அக்கா பார்த்தாள். இருபத்தொன்று. தான் எடுத்த மூன்றைத் தவிர ஒன்றுகூடக் குறையவில்லை.

"அப்போ நீங்க எதை ஒட்டினீங்க?"

அக்கா அலமாரிக்குப் போனாள். பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். இரண்டு பேரும் மூடியைப் பார்த்தார்கள். நீல மையில் 'க'. பக்கத்தில், கறுப்பு மையில், அழுத்தமாக, நேராக ஒரு துணைக்கால்.

"எழுத்து என்னுது," என்றாள் கெமிஸ்ட். "இந்தக் கால் என்னுது இல்ல."

"அழிஞ்சு போயிருந்தது. நான்தான் போட்டேன். கா தானே இது?"

"க. கட்டுப்பாடு." கையிலிருந்த 'அ' பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தாள். "ஒப்பிடறதுக்கு வச்சிருந்தது அக்கா."

"செவிடா?"

கெமிஸ்ட் தலையை ஆட்டினாள்.

அக்காவின் விரல்கள் மேசை விளிம்பில் இருந்தன. அவை நடுங்குவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. யாருடையவையோ போல அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு பேர் சட்டையில் பன்னிரண்டு செவிடு. அவை கத்தாது. அறை முழுக்க விஷம் நின்றாலும் கத்தாது. கத்தாவிட்டால் உள்ளே போகலாம் என்பதுதான் அங்கே சட்டம்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

அக்கா ரேடியோவின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கிடங்கில் எல்லோரும் போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தாள். கிடங்கு ஆபீஸ் நம்பர் பிஸியாகவே இருந்தது. கெமிஸ்ட் மேனேஜருக்கு அடித்தாள். அவர் எடுத்தார். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கஸ்டமர் கிட்ட நாமளா போய் எதையும் உளற வேண்டாம். நான் ஒரு மணிக்கு வந்துடறேன். முதல்ல நாம உக்காந்து பேசிப்போம்."

கெமிஸ்ட் போனைக் கையால் மூடிக்கொண்டாள். "ஒரு மணிக்கு வராராம்."

"பன்னிரண்டுக்கு அவ உள்ள போறா," என்றாள் அக்கா. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "உன் கிட்ட வண்டி இருக்கா?"

அதுவரை 'நீங்க' என்று கூப்பிட்டவளை 'உன்' என்றது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

லிஃப்ட் திறந்தபடி நின்றது. கெமிஸ்ட் அதில் கால் வைத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். "நடுவுல நின்னு போச்சுன்னா யார் போய்ச் சொல்றது?"

அக்கா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் போனோடு, மறு கையால் கெமிஸ்டின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முதுகு இன்னும் சுட்டது.

"ஓட்டத் தெரியுமில்ல?"

"லைசென்ஸ் இருக்கு."

"நான் கேட்டது அது இல்ல."

"பேசாம வாங்க அக்கா, எனக்கே பயமா இருக்கு."

சிக்னலில் நின்றார்கள். பாலத்துக்கு அடியில் நின்றார்கள். எதிரே பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகச் சாலையைக் கடந்தபோது நின்றார்கள். கடைசிப் பிள்ளையின் ஷூ லேஸ் அவிழ்ந்தது, அதைக் கட்டுவதற்கு ஆசிரியை குனிந்தாள். உலகத்தில் யாருக்குமே அவசரம் இல்லை. கம்பெனியில் வேலை அறைச் சுவரில் அந்த விஷத்தைப் பற்றிய எச்சரிக்கைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். மற்றவர்கள் அதன் மேல்தான் காலண்டரை மாட்டியிருந்தார்கள். அக்கா மட்டும் காலண்டரைத் தூக்கித் தூக்கி அதைப் படித்திருக்கிறாள். எட்டு வருஷமாகப் படித்தது இப்போது வரிவரியாக வந்தது. கண்மணி சுருங்கும். வாயில் எச்சில் ஊறும். வியர்க்கும். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இறுகும். அடுத்த வரி என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்த வரிக்கு மட்டும் போகாமல் மறுபடி முதல் வரிக்கு வந்தாள்.

கிடங்கு வாசலில் இறங்கும்போது பன்னிரண்டு தாண்டி ஏழு நிமிஷம்.

காவலாளி நோட்டைத் தள்ளினார். "யாரைப் பாக்கணும்? எழுதுங்க."

"பேட்ஜ் எல்லாம் செவிடுங்க! எல்லாம் செவிடு!"

"யாருக்குங்க காது கேக்கல?"

"உணர்விப் படலத்தில் பிழை நேர்ந்திருக்கிறது," என்றாள் கெமிஸ்ட். பயத்தில் அவளுக்குப் பாடப்புத்தகம்தான் வந்தது.

காவலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் போன்கள் வரிசையாகக் கிடந்தன. வழியெல்லாம் அக்கா ஆபீஸ் நம்பருக்கும் ரேடியோ நம்பருக்கும் மாறி மாறி அடித்துக்கொண்டே வந்திருந்தாள், இப்போதும் அவள் விரல் ரேடியோ நம்பரை அழுத்தியபடி இருந்தது. தட்டில் ஒரு போன் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. அதன் திரையில் அக்காவின் முகம், கீழே ரேடியோ வைத்திருந்த பேர்: பூட்டு அண்ணி.

அக்கா காவலாளியின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. உள்ள விஷம் இருந்தாலும் அந்தப் பேட்ஜ் சத்தம் போடாது. கெட்டுப் போச்சு. நான்தான் கெடுத்தேன். அவங்களை வெளிய கூப்பிடுங்க. அப்புறம் என்னை எங்க வேணும்னாலும் பிடிச்சுக் கொடுங்க."

காவலாளிக்கு இப்போது புரிந்தது. நோட்டை அப்படியே விட்டுவிட்டு, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானைக் குத்தினார். கிடங்கு முழுக்க மணி அலறியது.

ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, தீ எங்கே என்று பார்த்துக்கொண்டு வந்தார்கள். அக்கா முகங்களை எண்ணினாள். நாலு. ஏழு. ஒன்பது. மேஸ்திரி வந்தார். "என்ன, ஒத்திகையா? முன்கூட்டியே சொல்றதில்ல?" பதினொன்று. கெமிஸ்ட் ஒவ்வொருவர் சட்டையிலிருந்தும் பேட்ஜைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். பதினொன்றுக்குப் பிறகு கதவில் யாரும் இல்லை.

"எங்க அவ?"

"மூணாம் ரூம்ல இருக்கா," என்றார் வந்தவர்களில் ஒருவர். " கடைசி மூலை வரைக்கும் போயிட்டுக் கை காட்டினா. நாங்க மூணு பேர் கதவு கிட்டதான் நின்னோம்."

அக்கா கதவை நோக்கி ஓடினாள். மேஸ்திரி அவளைக் குறுக்கே பிடித்தார். அவள் திமிறினாள். அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

"யாரு மணி அடிச்சது? நடந்தவளுக்குத் திரும்பி வர நேரம் வேண்டாமா?"

ரேடியோ வாசலுக்கு வந்தாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. படியில் நின்று வானத்தைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி இருட்டிக்கிட்டு வருது? மழையா?"

நடுப்பகல். சிமென்ட் தரை கண்ணைப் பறித்தது. அவரவர் நிழல் அவரவர் காலடியில் சுருண்டு கிடந்தது.

அக்கா போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பழுப்புக் கண். அதன் நடுவே இருக்க வேண்டிய கறுப்பு வட்டத்தைக் காணோம். குண்டூசி முனையால் குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

"அண்ணியா? நீ எங்க இங்க?" என்றாள் ரேடியோ. வாயோரத்தில் எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டாள். "உன் முகமே மங்கலாத் தெரியுது."

கிடங்கு வேனில் ஏற்றினார்கள். மேல் சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றித் துடைத்து, யாருடைய துண்டையோ போர்த்தினார்கள். கதவருகில் நின்ற மூன்று பேரும் பின்னால் ஏறினார்கள். அவர்களுக்குத் தலைவலி மட்டும்தான். கெமிஸ்ட் முன்சீட்டில் மருந்தின் பேரைத் தாளில் எழுதி, எழுத்து தெளிவாக இல்லையென்று கிழித்து, மறுபடி முழுசாக எழுதினாள்.

"பேட்ஜ் கத்தலையே அண்ணி," என்றாள் ரேடியோ.

"கத்தாது."

"ஏன்?"

"நான் பெட்டியை மாத்தி ஒட்டிட்டேன். அதுக்குக் காது கிடையாது. நான் பண்ணினது."

"இல்ல, லேபிள் நான்தான்..." என்று கெமிஸ்ட் முன்னாலிருந்து ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு."

ரேடியோவுக்கு மூச்சு விசிலடித்தது. அதற்கு நடுவே பேசினாள். "வழக்கமா பாதி ரூம் வரைக்கும்தான் போவாங்க. ஒரு மாதிரி வாடை வந்தாத் திரும்பிடுவாங்க. எனக்கும் வாடை வந்துச்சு. இது கத்தலையேன்னு மூலை வரைக்கும் போனேன்." நிறுத்தினாள். "நீ ஒட்டினதாச்சேன்னு."

ரேடியோ குனிந்து வாந்தி எடுத்தாள். அக்கா அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், தாளைப் படித்தார். மருந்தின் பேர் முழுசாக இருந்ததால் கேள்வி கேட்டு நேரத்தைப் போக்கவில்லை. ஊசி போட்டார். சில நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி போட்டார்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருந்திருந்தா நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம்."

"இப்போ எப்படிப் பேசறோம் டாக்டர்?"

டாக்டர் அவளைப் பார்த்தார். "இப்போ காத்திருக்கறோம். முதல்ல நெஞ்சு தெளியணும். கண்ணு மெதுவாத்தான் விரியும், விரிஞ்சா வெளிச்சம் கூசும். அடிக்கடி வந்து பாப்பேன்."

காத்திருந்தார்கள். தலைவலிக்காரர்கள் மூன்று பேரையும் சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மேனேஜர் போன் செய்தார், அக்கா எடுக்கவில்லை. கெமிஸ்ட் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவள் குரல் முதலில் தணிந்தும் பிறகு உரத்தும் கேட்டது. "உளறினதாலதான் சார் உயிரோட இருக்காங்க" என்பது மட்டும் அறைக்குள் தெளிவாக வந்து விழுந்தது. வாய் திறக்காத அந்தப் பெண்ணா இது என்று யோசிக்கக்கூட அக்காவுக்குத் தெம்பில்லை.

அவள் ரேடியோவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே போகும்போது ஒரு கரகரப்பு, வெளியே வரும்போது ஒரு கரகரப்பு. இருபது எண்ணுவாள், பிறகு இமையை விரலால் தூக்கிப் பார்ப்பாள். புள்ளி. மறுபடி இருபது. புள்ளி. ஒரு தடவை எண்ணிக்கை தவறிவிட்டது. நடுவில் ஒரு மூச்சு வந்ததா, வரவே இல்லையா? எழுந்து கத்தப் போனாள். கரகரப்பு வந்தது. உட்கார்ந்தாள். புருஷனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் அவர் அங்கே லாரியை எப்படி ஓட்டுவார் என்று தோன்றியது. போனை எடுத்தாள், வைத்தாள். ஏதோ ஒரு படலத்தை ஒட்டும்போது நிறுத்துவது போலத் தன் மூச்சையே நிறுத்திக்கொண்டிருக்கிறாள் என்பது, மார்பு வலித்த பிறகுதான் தெரிந்தது.

நர்ஸ் வந்து மூன்றாவது ஊசி போட்டுவிட்டு, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு போனாள். அக்கா அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு என்ன அர்த்தம்?

நாலரை மணி இருக்கும். கரகரப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. அது கேட்கவில்லை என்பதுதான் தெரிந்தது. சத்தமே இல்லை. அக்கா எழுந்து ரேடியோ மேல் குனிந்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே காற்று போய்க்கொண்டிருந்தது, வெறும் காற்று மட்டும், தடையில்லாமல்.

"என்ன பண்ற?" என்றாள் ரேடியோ. நாக்கு வறண்டு குழறியது. "தண்ணி கொடு. வாயெல்லாம் மண்ணு மாதிரி இருக்கு."

அக்கா தண்ணீர் கொடுத்தாள். கை நடுங்கிப் பாதி தலையணையில் கொட்டியது.

"உனக்குக் கை நடுங்குமா?" ரேடியோ அவளையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். "அந்த லைட்டை முதல்ல அணை அண்ணி. கண்ணு கூசுது."

"கூசுதா?"

"குத்துது. எவ்வளவு பெரிய லைட்டு போட்டிருக்காங்க, அணைச்சுத் தொலை."

அக்கா சுவிட்ச் இருக்கும் பக்கம் போனாள். கையை அதன் மேல் வைத்தாள். பிறகு திரும்பி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரேடியோவின் கையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"இரு. இன்னும் ஒரு தரம் பாத்துக்கறேன்."

"கூசுதுன்னு சொல்றேன்ல!"

"திட்டு. திட்டிக்கிட்டே கண்ணைத் திற."